கருவி கொடுப்போர் கல்வியுங் கொடுக்க

விழா மலர் என்றால் அதில் வாழ்த்துரையும் வரலாறும் இடம்பெறுதல் மரபு. அம்மரபு போற்றத்தக்கதே. ஆயினும், ஒரு கல்லூரி தன் வயதினை எண்ணி மகிழும் வேளையில், அதன் மக்கள் இனிச் செய்யத்தக்கது யாது என்று ஆராய்தலும் பொருத்தமுடையதாகும். நம் பழைய மாணவர்கள் கொடைக்குப் பின்னிற்பவர் அல்லர். தாம் கற்ற கல்லூரிக்கு உதவுவதோடு அமையாது, கடல் கடந்து வாழ்வோர் பலர் தம் ஊர் வைத்தியசாலைகளுக்கும் உதவ முன்வருகின்றனர். அத்தகையோர் உள்ளத்தை இக்காலத்திற் கவரும் பொருள்களுள் ஒன்று, கையில் அடங்கும் ஸ்கான் கருவியாகும். நோயாளியைக் கட்டிலினின்றும் அசைக்காமல், அவர் அருகில் நின்றே உடலின் உள்ளே நிகழ்வதைக் காட்டும் கருவி இது. எமது கருத்தினை முதற்கண்ணே சொல்லிவிடுகின்றோம். கருவி நன்று, கொடையும் நன்று, ஆனால் அக்கருவி காட்டும் படத்தைப் படிக்கப் பயிற்றாது கருவியை மாத்திரம் கொடுத்தல், எழுத்தறிவியாது ஏட்டினைக் கையிற் கொடுத்தலை ஒக்கும்.

தமிழ் கற்பிப்பவனுக்கு வைத்தியசாலையில் என்ன அலுவல் என்று வினவுவோரும் உளராகலாம். நோயை நிச்சயித்தல் வைத்தியர் கடன்; அதனுட் புகுதற்கு எமக்கு உரிமையில்லை. ஆனால், புதியதொரு கருவியை ஒருவர் எங்ஙனம் கற்றுக்கொள்கின்றார், கற்பிப்போர் இல்லாதவிடத்து அக்கருவி என்னாகின்றது என்பன கற்பித்தலைச் சார்ந்த வினாக்கள். அவற்றைப் பேசுதற்கு ஆசிரியனுக்கு உரிமை உண்டு. அஃதன்றியும், நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் உறவினரோடு நிற்க நேரும் எவருக்கும் இவ்விடயத்தில் அக்கறை உண்டு.

இக்கருவி தொழிற்படும் முறையை முதலில் அறிதல் வேண்டும். மனிதர் செவி, செக்கனுக்கு ஏறக்குறைய 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளையே கேட்கவல்லது. அதனினும் கூடிய மீடிறனையுடைய ஒலியை நம் நாட்டு விஞ்ஞான பாடநூல்கள் கழியொலி என வழங்குகின்றன. 'கழி' என்பது மிகுதிப் பொருளை உணர்த்தும் உரிச்சொல்லாதலின் அப்பெயர் பொருத்தமானதே. வௌவால் இருளில் இடறாது பறப்பதற்குத் துணையாவது இவ்வொலி. வைத்தியத்திற் பயன்படுவது, செக்கனுக்கு இருபது இலட்சம் முதல் ஒரு கோடியே ஐம்பது இலட்சம் வரை அதிரும் கழியொலியாகும். இடையே காற்றுப் புகாதவாறு தோலின்மீது ஜெல் பூசிக் கருவியின் முனையை வைத்தால், அங்கிருந்து புறப்படும் ஒலி மென்மையான இழையங்களினூடே செக்கனுக்கு ஏறக்குறைய 1,540 மீற்றர் வேகத்திற் செல்கின்றது. ஓர் இழையம் முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லைகளிற் பட்டு எதிரொலிக்கின்றது. பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்திலிருந்து எதிரொலி மீளுதற்கு ஆகும் காலம், ஒரு செக்கனைப் பதினாயிரங் கூறாக்கினால் அவற்றுள் ஒன்றிற்குச் சற்றே மேற்பட்டதாகும். அக்காலத்தைக் கொண்டு ஆழத்தைக் கணித்துக் கருவி திரையிற் படம் வரைகின்றது. நீரும் இரத்தமும் எதிரொலி தாராமையாற் கருமையாகத் தோன்றும். எலும்பும் காற்றும் ஒலியை மேற்செல்ல விடா. எக்ஸ் கதிரினால் நேரக்கூடிய தீங்கு இதில் இல்லை.

இக்கலை ஒரு நாளிற் பிறந்ததன்று. 1880 ஆம் ஆண்டிற் பிரான்சு தேசத்து உடன்பிறந்தாராகிய ஜாக் கியூரியும் பியர் கியூரியும், சில பளிங்குகளை அழுத்தினால் மின் தோன்றுமென்பதைக் கண்டனர். முதலாம் உலகப் போர்க்காலத்திற் போல் லாஞ்செவின் என்பார் அப்பளிங்கினைக் கொண்டு, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கழியொலியாற் கண்டறியும் வழியை வகுத்தார். பின்னர், உலோகத்தினுள்ளே மறைந்திருக்கும் வெடிப்புக்களைக் காண்பதற்கு ஆலைகள் கழியொலியைப் பயன்படுத்தின. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்று வைத்தியப் பேராசிரியராயிருந்த இயன் டொனால்டு, 1955 இல், ஆலையொன்றிலிருந்த அத்தகைய கருவியை, நோயாளரிடமிருந்து அகற்றப்பட்ட கட்டிகளின்மீது வைத்துச் சோதித்தார். ஜோன் மக்விக்கர், தொம் பிரவுண் என்போருடன் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1958 இல் 'லான்செற்' என்னும் வைத்திய இதழில் வெளியாயிற்று. போருக்காகப் பிறந்து, ஆலையில் வளர்ந்து, பிறவாத குழவியைத் தாய்க்குக் காட்டும் நிலையை அடைந்த வரலாறு இது.

தொடக்கத்திற் பேருருவாய் நின்ற இக்கருவி காலப்போக்கிற் சிறுத்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொருளுதவியைப் பெற்று ஆக்கப்பட்டு 1999 இல் வெளிவந்த கருவியொன்றின் நிறை ஏறக்குறைய இரண்டரைக் கிலோகிராம் மாத்திரமே. 2010 இற் சட்டைப் பையில் அடங்கும் கருவி தோன்றியது. 2018 இல், பளிங்குகளுக்குப் பதிலாகச் சிலிக்கன் தகடொன்றில் ஆயிரக்கணக்கான நுண்ணிய உணரிகளை அமைத்த கருவி விற்பனைக்கு வந்தது. அப்பொழுது அதன் விலை ஏறக்குறைய 2,000 அமெரிக்க டொலராயிருந்தது. படத்தைக் காட்டும் திரை கைத்தொலைபேசியே. பெரிய கருவிகளின் விலையோடு ஒப்பிடின் இது மிகக் குறைவு. கொடையாளர் உள்ளம் இதனை நாடுவதில் வியப்பில்லை.

இனி, அவசர வேளையில் இதனால் விளையும் பயனை நோக்குவோம். வாகன விபத்திற் காயமுற்ற ஒருவர் கொண்டுவரப்படுகின்றார். இரத்த அழுத்தம் வீழ்ந்து செல்கின்றது. வயிற்றினுள்ளே இரத்தம் பெருகியுளதா? இருதயத்தைச் சூழ்ந்த உறையிலே இரத்தம் தேங்கி அதனை நெருக்குகின்றதா? நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே காற்றுப் புகுந்துளதா? மற்றொரு கட்டிலில், வயிற்று வலியோடு மயங்கி வீழ்ந்த கருவுற்ற பெண். கரு கருப்பையினுள்ளே உளதா? இவை யாவும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்னும் விடையை வேண்டி நிற்கும் குறுகிய வினாக்கள். இத்தகைய நோயாளரைச் சீ.ரீ. ஸ்கான் அறைக்குக் கொண்டு செல்லுதலே சிலவேளை உயிருக்கு இடராகும். அவ்விடத்திலேயே சில நிமிடங்களில் விடை தரவல்லது என்பதே கைக்கருவியின் பெருஞ்சிறப்பு.

இதற்குச் சான்றுகள் உள. 1988 டிசெம்பர் 7 ஆம் நாள் ஆர்மீனியாவில் நிகழ்ந்த பூகம்பத்தில் ஏறக்குறைய 25,000 பேர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டோர் வந்து குவிந்தபோது, வைத்தியர்கள் கழியொலிக் கருவியைக் கொண்டு 72 மணித்தியாலத்தில் 400 பேரின் வயிற்றையும் சிறுநீரகங்களையும் சோதித்தனர். ஒருவருக்குச் சென்ற நேரம் சராசரியாக ஏறக்குறைய 4 நிமிடமே. அந்நாளிற் கைக்கருவி இல்லை. ஆயினும் கட்டிலருகே செய்யும் சோதனை பேரிடர் வேளையில் யாது செய்யவல்லது என்பதனை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று. காயமுற்றோரிடத்து இச்சோதனையைச் செய்தலால், அறுவைச் சிகிச்சை வேண்டியிருந்தோர் அதன்பொருட்டு அனுப்பப்படுதற்கு ஆகும் நேரம் 64 சதவீதம் குறைந்ததென அமெரிக்காவில் நிகழ்ந்து 2006 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. காற்று நிறைந்த நுரையீரலைக் கழியொலியாற் பார்த்தல் இயலாதென்று பலரும் நெடுங்காலம் கருதியிருந்தனர். பிரான்சு நாட்டு வைத்தியர் தானியல் லிக்தென்ஸ்டைன், திரையிலே தோன்றும் சில கோடுகளும் அசைவுகளும் நுரையீரலின் நிலையை உணர்த்தும் குறிகள் எனக் காட்டினார். மூச்சுத் திணறலோடு வந்த 260 நோயாளரைப் பற்றி 2008 இல் அவரும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வில், இம்முறை 90.5 சதவீதமானோரிடத்துச் சரியான காரணத்தை உணர்த்தியதாகக் கூறப்பட்டது.

நம் நாட்டு நிலைமையையும் ஈண்டு நோக்கலாம். 2017 ஆம் ஆண்டில் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளானோராக இலங்கையில் அறிவிக்கப்பட்டனர். அந்நோயின் கொடுமை பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே தலையெடுக்கின்றது. குருதியின் நீர்ப்பகுதி குழாய்களினின்றும் கசிந்து மார்பறையிலும் வயிற்றறையிலும் சேரும். அக்கசிவை உரிய வேளையிற் காணுதல், ஏற்றவேண்டிய சேலைனின் அளவை நிதானித்தற்கு இன்றியமையாதது. கழியொலி அதனைக் காட்டவல்லது. ஆகவே இக்கருவி செல்வ நாடுகளுக்கு மாத்திரம் உரியதன்று, நமக்கும் வேண்டற்பாலதே.

இதுவரை கூறியன அதன் சிறப்பு. இனி மற்றைப் பக்கத்தையும் மறையாது கூறுதல் நேர்மையாகும். வட அமெரிக்காவிலும் தென்னாபிரிக்காவிலும் உள்ள அவசர சிகிச்சைப் பிரிவுகளிற் செய்யப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வொன்று உண்டு. காரணம் தெளிவாகாது இரத்த அழுத்தம் வீழ்ந்த நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழமையான சிகிச்சையோடு கட்டிலருகே ஸ்கானும் செய்தனர். மற்றப் பிரிவினருக்கு அது செய்யப்படவில்லை. முப்பது நாளின் பின்னர், முதற் பிரிவில் 136 பேருள் 104 பேர் உயிருடனிருந்தனர். இரண்டாம் பிரிவில் 134 பேருள் 102 பேர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 2017 இல் வெளியான வேறொரு சிறிய ஆய்வு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. இருதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி உயிரூட்டும்பொழுது, நாடி பார்ப்பதற்காக அவ்வழுத்துதலைப் பத்துச் செக்கனுக்கு மேல் நிறுத்தலாகாது என்பது விதி. ஸ்கான் செய்யாதவிடத்து அவ்விடைவேளை சராசரியாக 13 செக்கனாயிருந்தது. செய்தவிடத்து 21 செக்கனாயிற்று. படத்தைத் தேடும் கண், கடிகாரத்தை மறந்தது போலும்.

இவ்வாய்வுகளைக் கொண்டு கருவி வீண் என முடிவு செய்தல் தவறாகும். அவை உணர்த்துவது பிறிதொன்று. கருவி தானாக எவரையும் காப்பாற்றுவதில்லை. எந்த நோயாளரிடத்து, எந்த வினாவை, எவ்வேளையில் எழுப்புவது, கிடைத்த விடையைக் கொண்டு உடனே யாது செய்வது என்பவற்றை அறிந்தவர் கையிலேதான் அது பயன் தருகின்றது. வயிற்றினுள்ளே சிறிதளவாய்க் கசியும் இரத்தம் முதற் சோதனையிலே தோன்றாமற் போகலாம். அதனை அறிந்தவர், சிறிது நேரஞ் சென்று மீண்டும் பார்ப்பார். அறியாதவர், 'ஒன்றும் இல்லை' என்று கூறி நோயாளரை வீட்டுக்கு அனுப்புவார். பருத்த உடலிலும், குடலிற் காற்று நிறைந்தவிடத்தும் படம் மங்கும். அதனை அறிந்தவர், 'என்னாற் காண இயலவில்லை' என்பார். அறியாதவர், 'காணப்படவில்லை' என்பார். இவ்விரு தொடர்களுக்குமிடையே ஓர் உயிர் ஊசலாடுகின்றது. 'இல்லை' என்பதற்கும் 'தெரியவில்லை' என்பதற்கும் உள்ள வேற்றுமையை மாணவர்க்கு உணர்த்துதல் எத்துணை அரிது என்பதனை ஆசிரியராயினோர் அனைவரும் அறிவர்.

வைத்திய வரலாறும் இதனையே வற்புறுத்துகின்றது. 1761 இல், வியன்னா நகரில் வைத்தியராயிருந்த லியோபோல்டு அவுன்புறுக்கர், நோயாளியின் மார்பை விரலாலே தட்டி, எழும் ஓசையின் வேறுபாட்டால் உள்ளிருக்கும் நோயை அறியலாம் என்று இலத்தீன் மொழியிலே சிறியதொரு நூல் எழுதினார். அவர் விடுதி நடத்திய ஒருவரின் மைந்தர். அம்முறைக்கு வேண்டிய கருவி யாது? விரல் ஒன்றே. விலையில்லை, மின்சாரம் வேண்டியதில்லை, எல்லா வைத்தியர்க்கும் பிறவியிலேயே வாய்த்தது. எனினும் அம்முறை நெடுங்காலம் பெரிதும் புறக்கணிக்கப்பட்டுக் கிடந்தது. 47 ஆண்டு கழித்து, 1808 இல், நெப்போலியனின் வைத்தியராகிய கொர்விசார் அந்நூலைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்துத் தம் மாணாக்கருக்கும் கற்பித்தார். அதன் பின்னரே அது வைத்திய உலகிற் பரவிற்று. கருவி கையிலேயே இருந்தும் கற்பித்தவர் இன்மையால் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வீணாயிற்று.

அக்கொர்விசாரின் மாணாக்கருள் ஒருவரே லெனெக். அவர் 1816 இற் பாரிஸ் நகரிற் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டு, ஸ்டெதஸ்கோப்பினைத் தோற்றுவித்தார். அக்காகிதச் சுருளைப் பின்னர் மரக்குழலாக மாற்றினார். குழலைச் செய்தல் எளிது. ஆனால் அதனூடே கேட்ட ஒவ்வோர் ஓசைக்கும் பெயரிட்டு, இறந்தோர் உடலைச் சோதித்துக் கண்ட நோயோடு ஒவ்வொன்றையும் ஒப்புநோக்கி, 1819 இல் அவர் வெளியிட்ட நூலே பெரும்பணி. உலகுக்கு அவர் விட்டுச்சென்ற செல்வம் குழலன்று. அக்குழலாற் கேட்கக் கற்பித்த நூலே.

நம் மண்ணிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். அவர் தம் நாட்டுக் கத்தியையும் மருந்தையும் மாத்திரம் கொண்டுவந்து காட்டிவிட்டுச் சென்றிருப்பின், இன்று அவரை நினைப்பார் யார்? அவர் தமிழைக் கற்றார். மேனாட்டு வைத்தியத்தை நம் இளைஞர்க்குத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். கலைச்சொற்களைத் தேடித் தொகுத்தார். 1873 இல் அவர் இந்நாட்டை விட்டுச் சென்றார். அவர் பயிற்றிய மாணாக்கர் இங்கேயே நின்றனர். சமயத்தால் நமக்கு வேறுபட்டவராயினும், கொடுக்கும் முறையை அவரிடம் நாம் கற்றல் தகும். கருவி பழுதாகும், கற்பித்த கல்வி தலைமுறை கடந்தும் நிற்கும்.

ஸ்கானைக் கற்பதற்கு எத்துணைப் பயிற்சி வேண்டும்? அமெரிக்க அவசர சிகிச்சை வைத்தியர் கல்லூரி வகுத்த நெறியின்படி, ஒவ்வொரு வகைச் சோதனைக்கும் 25 முதல் 50 வரையான பரிசோதனைகளைச் செய்து, அவற்றை அறிந்தோர் பார்த்துத் திருத்துதல் வேண்டும். மொத்தத்தில் 150 முதல் 300 வரை வேண்டும். 'திருத்துதல்' என்னும் சொல்லையே ஈண்டு வற்புறுத்துகின்றோம். ஒரு மாணவன் நூறு கட்டுரை எழுதினாலும், அவற்றை ஒருவர் பார்த்துப் பிழை சுட்டாவிடின், நூறு முறையும் ஒரே பிழையையே எழுதுவான். அப்பிழை அவனுக்குப் பழக்கமாகிவிடும். ஸ்கானும் அத்தகையதே. இரண்டு நாட் கருத்தரங்கு வைத்து, சான்றிதழ் வழங்கி, படம் எடுத்துப் பத்திரிகையில் வெளியிடுதல் பயிற்சியாகாது. அது பயிற்சியின் அரிச்சுவடி மாத்திரமே.

கொடையாகக் கிடைக்கும் கருவிகளின் கதியையும் நினைத்தல் வேண்டும். வளங் குறைந்த 16 நாடுகளின் வைத்தியக் கருவிகள் 112,040 ஐப் பற்றிய கணக்குகளை ஆராய்ந்து 2011 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அவற்றுள் 38.3 சதவீதமானவை பயன்படா நிலையிற் கிடந்தன என்று கூறுகின்றது. பயிற்சியின்மையும், பராமரிப்போர் இன்மையும், மின்சாரம் முதலிய வசதிக் குறைவும் அதற்குரிய காரணங்களாகக் காட்டப்பட்டன. கைக்கருவிக்கு இவற்றோடு வேறு இடர்களும் உண்டு. அதன் மின்கலம் நாளடைவில் வலிமை குன்றும். கைத்தொலைபேசியோடு இணையும் கருவியாயின், தொலைபேசி பழையதாகும்போது கருவியும் பயனற்றுப் போகலாம். சில கருவிகளுக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துதல் வேண்டும்; முதலாண்டுக் கட்டணத்தைக் கொடையாளர் செலுத்துவார்; இரண்டாமாண்டு யார் செலுத்துவார்? கீழே விழுந்து முனை பழுதாகுமென்று அஞ்சி, அலுமாரியிற் பூட்டித் திறப்பைப் பொறுப்பாளர் வைத்திருப்பின், இரவு இரண்டு மணிக்கு வரும் நோயாளிக்கு அக்கருவி இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன?

ஆதலின், உதவக் கருதும் நம் பழைய மாணவர்க்கு யாம் முன்வைக்கும் விண்ணப்பம் இது. முதலாவது, வாங்குவதற்கு முன் வைத்தியசாலையைக் கேட்க. அங்குள்ள வைத்தியரும் தாதியரும் தமக்கு வேண்டியது யாதென்பதைத் தாமே அறிவர். அவர்கள் வேண்டுவது ஸ்கான் கருவியாயிராது, ஒட்சிசன் அளவைக் காட்டும் சிறு கருவியாகவோ, நோயாளரை ஏற்றிச் செல்லும் தள்ளுவண்டியாகவோ இருப்பின், பெருமை கருதாது அதனையே கொடுக்க. இரண்டாவது, கருவிக்கென ஒதுக்கும் பணத்திற்கு நிகரான தொகையைப் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்குக. மூன்றாவது, நம் பழைய மாணவருள் அவசர சிகிச்சையிலும் கதிரியலிலும் தேர்ந்து இங்கும் பிற நாடுகளிலும் பணிபுரிவோர், பணத்தினும் அரிய தம் நேரத்தைக் கொடுக்க. வைத்தியசாலையின் இசைவோடு, நோயாளரின் பெயரும் அடையாளமும் நீக்கிய படங்களை வாரந்தோறும் இணையவழியே பார்த்துத் திருத்துதல் கடல் கடந்தும் செய்யத்தக்க பணி. ஓராண்டுக்கேனும் அதனைத் தொடர்ந்து செய்க. நான்காவது, ஆண்டு முடிவில் எத்தனை பேரைச் சோதித்தனர், பின்னர் கண்ட முடிவோடு எத்தனை ஒத்தன, எத்தனை ஒவ்வாதன என்னும் கணக்கை வைத்தியசாலையிடம் கேட்டறிக. கொடையின் பயனைக் காட்டுவது அக்கணக்கே. கையளிப்பு விழாவில் எடுத்த படமன்று.

இதற்கு இருவர் இரு திசையினின்று தடை கூறுவர். ஒருவர், 'பயிற்சி முடியும்வரை காத்திருந்தால் அதற்குள் எத்தனை உயிர் போகும்? முதலிற் கருவியைக் கொடுங்கள். பின்பு கற்றுக்கொள்வார்கள்' என்பர். அவரது அவசரம் அன்பினால் எழுந்தது, மதிக்கத்தக்கது. ஆயினும், கற்பிப்போர் இன்றிக் கைக்கொண்ட கருவி இரு வகையாலே தீங்கு செய்யும். இல்லாததைக் கண்டதாகக் காட்டி வேண்டாத சிகிச்சைக்கு வழிகோலும். உள்ளதைக் காணாது விட்டு, வேண்டிய சிகிச்சையைத் தடுக்கும். இரண்டாவது முன்னையதினும் கொடிது, என்னை? ஐயத்தோடு இருந்த வைத்தியர் ஐயந் தெளிந்து விடுகின்றார். கருவியையும் பயிற்சியையும் ஒரே நாளிற் கொடுத்தல் இயலும். ஒன்றற்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

மற்றொருவர், 'ஸ்கான் கதிரியல் நிபுணருக்கே உரியது. ஏனையோர் அதனைத் தொடலாகாது' என்பர். நிபுணர் செய்யும் முழுமையான ஸ்கானுக்குக் கைக்கருவி ஈடாகாது என்பது உண்மை. ஆனால் நிபுணர் எல்லா வைத்தியசாலைகளிலும் இரவு முழுவதும் கட்டிலருகே நிற்றல் இயலாது. வயிற்றினுள் இரத்தம் உளதா என்னும் ஒரு வினாவுக்கு விடை காணப் பயிற்சி பெற்ற அவசரப் பிரிவு வைத்தியர், நிபுணரின் இடத்தைக் கவர்பவர் அல்லர். நிபுணரிடம் நோயாளரை உயிரோடு சேர்ப்பிப்பவர். எழுதுவினைஞர் ஒருவர் கடிதம் எழுதக் கற்றமையாற் புலவர்க்கு இழுக்கில்லை. கடிதம் எழுதுவோர் தம்மைப் புலவரென்று கருதாதிருத்தலே வேண்டுவது.

இன்னுமொன்று கூறுதல் வேண்டும். எல்லாக் கருவியும் நன்மைக்கே பயன்படும் என்பதில்லை. கருவிலிருக்கும் குழந்தை பெண்ணென அறிந்து அழிக்கும் கொடுமைக்குக் கழியொலி துணைபோனமையால், இந்தியா 1994 இற் சட்டம் இயற்றி அதனைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. எளிதில் எடுத்துச் செல்லத்தக்க கருவிகளுக்கு 2012 இல் மேலும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. அவ்விதிகளை ஈண்டு எடுத்துக் கூறியது, கருவி சிறுக்கச் சிறுக்க, அதனைக் கையாள்வோரின் ஒழுக்கம் பெருக வேண்டும் என்பதை உணர்த்துதற்கே. நோயாளியின் உடலைக் காட்டும் படம் ஒருவரது சொந்தக் கைத்தொலைபேசியிலே தங்குவதும், அது நண்பர் குழுக்களிற் பகிரப்படுவதும் தகா. மயங்கிக் கிடப்பவருக்கும் மானம் உண்டு. கருவியின் முனையை ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவரிடம் கொண்டு செல்லுமுன் துடைத்துத் தூய்மை செய்தலும் அவ்வொழுக்கத்தின்பாற்பட்டதே. இவையும் கற்பிக்கப்பட வேண்டியவை.

மருத்துவத்தின் உறுப்புக்கள் நான்கு எனத் திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் வகுக்கின்றது. அவை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் என்பன. கருவியை மருந்தோடு சேர்த்து எண்ணினாலும், அஃது அந்நான்கனுள் ஒன்றின் ஒரு பகுதியே. மின்கலத்துக்கு மின்னேற்றி, முனையைத் துடைத்து, ஜெல்லை எடுத்து வைத்து, வைத்தியர் கேட்கும் கணத்திலே கருவியை நீட்டும் தாதியை நாம் மறந்தால், நான்கில் ஒன்றை முற்றாக மறந்தவராவோம். பயிற்சி அவருக்கும் உரியது.

இலக்கணம் கற்ற நம் மாணவர் மூன்றாம் வேற்றுமையின் பொருளை அறிவர். கருவி என்பது முதற்கருவி, துணைக்கருவி என இரு வகைப்படும். கருத்தாவும் ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என இரு வகைப்படும். அரசனாற் கோயில் கட்டப்பட்டது என்புழி அரசன் ஏவுதற்கருத்தா. தச்சனாற் கட்டப்பட்டது என்புழித் தச்சன் இயற்றுதற்கருத்தா. உளி துணைக்கருவி. உளியை வாங்கி வைத்தமையாற் கோயில் எழுந்துவிடுமென்று கருதிய அரசன் ஒருவனும் இலன். தச்சனைத் தேடி, அவனைப் பேணி, அவன் கலை அவன் மாணாக்கரிடம் செல்லுமாறு செய்தவனே கோயில் கட்டிய அரசன் எனப்பட்டான். கொடை வழங்கும் பழைய மாணவர் ஏவுதற்கருத்தா. கட்டிலருகே நிற்கும் வைத்தியரும் தாதியரும் இயற்றுதற்கருத்தா. கைக்குள் அடங்கும் ஸ்கான் துணைக்கருவி. இம்மூன்றையும் அவற்றுக்குரிய இடத்தில் வைத்துப் பார்த்தால், எதற்கு எவ்வளவு செலவிடுவது என்பது தானே விளங்கும்.

இன்று இக்கல்லூரி வகுப்புக்களில் அமர்ந்திருக்கும் மாணவருள் நாளைய வைத்தியரும் தாதியரும் உளர். அவர்களுக்கும் ஒரு சொல். பதினெட்டு வயதில் உங்கள் கையில் வந்து சேரும் கருவி, முப்பது வயதிற் பழையதாகிவிடும். அப்பொழுது இதனினும் சிறியதும் விரைவானதும் தோன்றியிருக்கும். படத்தைக் கண்டு தானே விடை சொல்லும் கணினியும் இப்பொழுதே தோன்றிவிட்டது. ஆனால் கூர்ந்து நோக்குதல், கண்டதைக் கண்டவாறு கூறுதல், காணாததைக் காணவில்லை என்று ஒப்புதல், அறிந்தோர் திருத்தும்போது பணிந்து ஏற்றல் என்னும் நான்கும் எக்காலத்தும் பழையன ஆகா. அவற்றைக் கற்பிப்பதற்கே கல்லூரிகள் உள. இவ்விழா ஆண்டில் நம் பழைய மாணவர் சங்கம் வைத்தியசாலையொன்றுக்கு ஏதேனும் உதவக் கருதுமாயின், கருவியோடு ஓராண்டுப் பயிற்சியையும் சேர்த்து ஒரே கொடையாக வழங்கும் தீர்மானத்தை நிறைவேற்றுமாறு வேண்டுகின்றோம். கல்வியால் உயர்ந்தோர் அளிக்கும் கொடை கல்வியோடு கூடியதாயிருத்தலே முறை.